உழவர் வீடு அருங்காட்சியகமான கதை
(பதினொன்றாம் வகுப்பு, வரலாற்றுப் பிரிவு மாணவியர்)

'பண்ணை' என்ற சொல்லை ஆரணியில் சொன்னால் எங்களில் பலருக்கு முதலில் தறிதான் நினைவுக்கு வரும். பாவு இழைகளைப் பிரித்து வரிசையாக நிறுத்தி, நாடா ஒருமுறை ஓடியதும் ஊடையை அடித்து இறுக்குகின்ற சீப்பு போன்ற கருவிக்கு நெசவு வீடுகளில் பண்ணை என்றே பெயர். ஆகவே, இவ்வாண்டுச் செயல்திட்டத்திற்காக எங்கள் வரலாற்று ஆசிரியையான அருட்சகோதரி அவர்கள், "ஒரு பண்ணை வீடு எவ்வாறு அருங்காட்சியகம் ஆகிறது?" என்று கரும்பலகையில் எழுதியபோது, வகுப்பில் சரிபாதிப் பேர் அது நெசவைப் பற்றிய வினா என்றே எண்ணிவிட்டோம். மறுபாதியினர் நெல் விளையும் ஊர்களிலிருந்து பேருந்தில் வந்து படிப்பவர்கள். அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அடுத்த பாடவேளை மணி அடிக்கும்வரை ஓயவில்லை.

சிரித்தவர்களுக்கும் விடை தெரியவில்லை என்பது பிறகுதான் வெளிப்பட்டது. அருங்காட்சியகம் என்றால் எழும்பூரில் இருப்பது. அங்கே கற்சிலைகளும் செப்புத் திருமேனிகளும் பழங்காசுகளும் இருக்கும். ஏரும் முறமும் அங்கே என்ன செய்யும்? நம் வீட்டு மாட்டுக் கொட்டகையைப் பார்க்க யாராவது பணம் கொடுத்துச் சீட்டு வாங்குவார்களா? இவ்வாறெல்லாம் கேட்டோம். அந்தக் கேள்விகளிலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது.

முதன்முதலில் செய்தவர்

அரண்மனையும் ஆலயமும் காக்கப்பட வேண்டியவை என்பதை உலகம் வெகு காலமாக அறியும். குடியானவன் வீடும் காக்கப்பட வேண்டியதே என்று எண்ணி அதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் சுவீடன் நாட்டு ஆர்தர் ஹசேலியஸ். ஆலைகளும் இரயில் பாதைகளும் பெருகி, நாட்டுப்புறத்து மக்கள் பழைய மர வீடுகளைக் கைவிட்டு நகரங்களுக்குப் பெயரத் தொடங்கிய காலம் அது. அவர் பல மாநிலங்களிலிருந்து உழவர் வீடுகளையும் களஞ்சியங்களையும் பிரித்தெடுத்து, ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு குன்றின்மேல் மீண்டும் கட்டினார். 1891-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த இடத்தின் பெயர் ஸ்கான்சென். வீடுகளை மட்டும் நிறுத்திவிட்டு அவர் ஓய்ந்துவிடவில்லை. அந்தந்த வட்டாரத்து உடை அணிந்த மனிதர்களையும் அங்கே இருத்தினார். ஆடுமாடுகளையும் கொண்டுவந்து சேர்த்தார். திறந்தவெளி அருங்காட்சியகம் என்று இன்று உலகெங்கும் வழங்குகின்ற முறைக்கு அதுவே முன்மாதிரி ஆயிற்று.

முட்டுக்காட்டிற்குப் போனோம்

நம் தமிழகத்தில் இவ்வகையில் முதலில் சொல்லத்தக்கது, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா. ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், இருள் பிரியுமுன்னரே பள்ளி வாயிலில் கூடி, செபம் சொல்லி, பேருந்து ஏறினோம். செய்யாறு தாண்டும்வரை பாட்டு. காஞ்சிபுரம் வந்தபோது பாதிப் பேர் உறக்கம்.

தட்சிணசித்ராவை உருவாக்கியது சென்னைக் கைவினை அறக்கட்டளை. 1984-இல் தொடங்கப்பெற்ற அவ்வறக்கட்டளையின் நிறுவனர் டெபோரா தியாகராஜன். அமெரிக்காவில் பிறந்து தமிழகத்திற்கு மருமகளாக வந்தவர். செட்டிநாட்டுப் பெருவீடுகள் இடிக்கப்பட்டு, தூண்களும் கதவுகளும் மரக்கடைக்குப் போவதைக் கண்டு அவர் மனம் பதைத்தார். ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலத்தில் அமைந்த இவ்வளாகம் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இடத்தின் அமைப்பைத் திட்டமிட்டவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தைத் தம் சொந்த மண்ணாக்கிக்கொண்டு, ஏழைகளுக்கும் குறைந்த செலவில் நல்ல வீடு கட்டலாம் என்று வாழ்நாளெல்லாம் செய்து காட்டிய கட்டடக் கலைஞர் அவர். 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

ஒரு வீட்டை எப்படி ஊர் விட்டு ஊர் கொண்டுவர முடியும்? எங்களுக்கு இதுதான் பெரிய வியப்பு. முதலில், வீடு நிற்கும் இடத்திலேயே அதை அளந்து படம் வரைகிறார்கள். ஒவ்வொரு தூணுக்கும் உத்தரத்திற்கும் கைமரத்திற்கும் கதவு நிலைக்கும் எண் இடுகிறார்கள். பிறகு மேலிருந்து கீழாகப் பிரிக்கிறார்கள்: ஓடு, சட்டம், கைமரம், உத்தரம், தூண் என்ற வரிசையில். புதிய இடத்தில் அதே எண்களைப் பார்த்துக் கீழிருந்து மேலாகக் கட்டுகிறார்கள். அந்தந்த வட்டாரத்துத் தச்சரும் கொத்தரும் வந்து செய்யும் வேலை அது. தறியிலிருந்து முடிந்த சேலையை அறுத்த பிறகு, பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழைக்கு இழை பிணைக்கின்ற வேலையைப் பார்த்த எவருக்கும் இந்தப் பொறுமை புரியும். ஆனால் மரமும் கல்லும் பயணம் செய்வதைப் போல மண் சுவர் பயணம் செய்யாது. அதைப் புதிதாகத்தான் எழுப்ப வேண்டும். ஆகவே அங்கே நாம் காணும் வீடுகளில் பழையது எது, புதியது எது என்று கேட்டறிவது நல்ல மாணவிக்கு அழகு.

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு, செட்டிநாட்டு வணிகர் வீடு, திருநெல்வேலிச் சீமை அக்கிரகாரத்து வீடு, குயவர் வீடு, பாய் முடைவோர் வீடு என்று பலவும் உள்ளன. நெசவாளர் வீட்டைக் கண்டதும் எங்களில் சிலர், "இது எங்க வீடு மாதிரியே இருக்குதே, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று முணுமுணுத்தனர். அதை ஒட்டுக்கேட்டுச் சிரித்த அருட்சகோதரி எங்களை உழவர் வீடுகளின் பக்கம் அழைத்துச் சென்றார்.

தஞ்சை வட்டாரத்து உழவர் இல்லம் பெரிய மிராசுதாரின் மாளிகை அன்று. ஓட்டுக் கூரையும் திண்ணையும் கொண்ட எளிய வீடு. அதன் திண்ணையில் உட்கார்ந்து குறிப்பெழுதினோம். திண்ணை என்பது வெறும் மேடை அன்று. வழிப்போக்கர் உறங்க, கணக்குப் பேச, கூலி அளக்க, கதை சொல்ல என்று எத்தனையோ பயன் அதற்கு உண்டு. இன்று நம் ஊரில் கட்டப்படும் புது வீடுகளுக்குத் திண்ணை இல்லை. அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது வேறொரு வீடு. கோட்டயத்திற்கு அருகில் உள்ள புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்து வீடு அது. 1850-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. அதன் நடுநாயகமாக இருப்பது கூடமும் அன்று, பூசையறையும் அன்று; நெல் அறை! முன்வாயிலுக்கு நேராக, பலகைச் சுவரால் ஆன களஞ்சியம். அதற்கு மலையாளத்தில் 'அற' என்று பெயர். வீட்டிற்குள் நுழைகிறவர் முதலில் காண்பது அக்குடும்பத்தின் நெல்லைத்தான். ஈரமும் எலியும் அணுகாதபடி, வீட்டின் இதயத்தில் வைத்து நெல்லைக் காத்தார்கள். கேரளத்துக் கத்தோலிக்க இல்லங்களில் தாய்மார் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்து, அதைக் கோவிலுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு, 'பிடியரி' என்பர். அந்தக் களஞ்சியத்தின் முன் நின்றபோது எங்களுக்கு அந்த ஒரு பிடி நினைவுக்கு வந்தது.

நெல் எங்கே குடியிருந்தது?

களஞ்சியத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். ஏனெனில் நம் ஊர் நெல்லுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. ஆயினும் நெல்லை வீட்டில் சேமிக்கும் முறை எங்கள் தலைமுறைக்குத் தெரியாது. நெல் இப்போது களத்திலிருந்து நேரே சாக்கில் ஏறி மண்டிக்குப் போய்விடுகிறது.

தஞ்சைப் பக்கத்தில் பத்தாயம் என்ற பெரிய மரப்பெட்டி இருந்தது. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி உயர்த்தலாம். நம் பக்கத்தில் குதிர். சுட்ட மண் உறைகளை அடுக்கி, இடைவெளிகளைக் களிமண்ணும் சாணமும் கலந்து பூசி அடைத்துவிடுவார்கள். மேலே வாயைத் திறந்து கொட்டுவார்கள்; அடியில் ஒரு சிறு துளை, அதற்கு ஒரு அடைப்பான். வேண்டும்போது அடைப்பானை எடுத்தால் நெல் தானே சரிந்து வரும். இதில் ஒரு நுட்பம் இருப்பதை எங்கள் அறிவியல் ஆசிரியை எடுத்துக் காட்டினார். முதலில் கொட்டிய நெல் முதலில் வெளியே வருகிறது. ஆகவே எந்த நெல்லும் அடியில் தங்கிப் பழுதாவதில்லை. நெல்லோடு வேப்பிலையும் நொச்சி இலையும் கலந்து வைத்ததால் பூச்சியும் குறைந்தது.

அளப்பதற்கும் ஒரு முறை இருந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆக, ஒரு கலத்திற்கு 96 படி. கணக்குப் பாடத்தில் பத்துப் பத்தாகப் பெருக்கிப் பழகிய எங்களுக்கு இது தலைசுற்றல்தான். ஆனால் பாதி, பாதியில் பாதி என்று கண்ணாலேயே பகுக்கத்தக்க முறை இது என்பது பிறகு புரிந்தது. 1956-இல் எடை அளவுச் சட்டம் வந்தபின், கிலோவும் லிட்டரும் படிப்படியாக இந்த அளவைகளைக் கடையிலிருந்து அகற்றின. சமையலறையிலிருந்து மட்டும் அகற்ற முடியவில்லை. எத்தனை வீடுகளில் இன்றும் உழக்குப் போட்டு உலை வைக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தோம். எங்கள் வகுப்பிலேயே பதினேழு கைகள் உயர்ந்தன.

திருத்தந்தை வந்த பண்ணை

வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவருவது ஒரு முறை. பண்ணையை அதன் நிலத்தோடு, இருந்த இடத்திலேயே காப்பது இன்னொரு முறை. இரண்டாவது முறைக்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. அதைத் தேர்ந்ததற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு.

டெமாயின் நகருக்கு அருகில், அயர்லாந்திலிருந்து குடியேறிய மார்ட்டின் ஃபிளின் என்பவர் 1870-ஐ ஒட்டி ஒரு பெரிய வீடும் தொழுவமும் கட்டிப் பண்ணை நடத்தினார். பிற்காலத்தில் அந்நிலம் அரசின் கைக்கு வந்து, சிறைக்கைதிகள் உழும் பண்ணையாகவும் இருந்தது. அது வீட்டு மனைகளாக மறைந்துவிடாமல், வேளாண்மை வரலாற்றைக் காட்டும் இடமாக வேண்டும் என்று முயன்றவர் வில்லியம் முர்ரே என்ற வேளாண் பொருளியல் பேராசிரியர். 1970-இல் அவர் தொடங்கிய அமைப்பே 'வாழும் வரலாற்றுப் பண்ணைகள்'. அங்கே பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. 1700-ஆம் ஆண்டில் அம்மண்ணின் பழங்குடியினர் எவ்வாறு பயிரிட்டனர், 1850-இல் குடியேறியவர் எருது பூட்டி எவ்வாறு உழுதனர், 1900-இல் குதிரைகளைக் கொண்டு எவ்வாறு விளைவித்தனர் என்பதை நிலத்தில் இறங்கி வேலை செய்தே காட்டுகின்றனர். மழை பெய்தால் அவர்களும் நனைகிறார்கள். விளைச்சல் பொய்த்தால் அதுவும் பாடமே.

1979-ஆம் ஆண்டு, அயோவா மாநிலத்து உழவர் ஒருவர் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்களுக்குத் தம் கையாலேயே ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கா வரும் தாங்கள் நகரங்களை மட்டும் பார்க்காமல் உழவர் நாட்டையும் காண வர வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். திருத்தந்தை இசைந்தார். அக்டோபர் 4-ஆம் நாள், அசிசி நகர் புனித பிரான்சிஸ்குவின் திருவிழாவன்று, அந்தப் பண்ணை வெளியில் அவர் திருப்பலி நிறைவேற்றியபோது ஏறத்தாழ மூன்றரை இலட்சம் மக்கள் கூடினர். நிலம் நமக்கு முன்னோர் தந்ததும் பின்னோர்க்குக் கொடுக்க வேண்டியதும் ஆகும் என்ற பொருள்பட அவர் அங்கே மறையுரை ஆற்றினார். அதே ஆண்டு நவம்பரில் புனித பிரான்சிஸ்குவைச் சுற்றுச்சூழலைப் பேணுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த அதே திருத்தந்தைதான். அன்று கூட்டத்தில் நின்று அவரைத் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாகப் பார்த்த பாட்டிமார் எங்கள் பங்கில் இன்றும் உள்ளனர்.

ஓர் உழவரின் கடிதத்திற்குத் திருத்தந்தை செவிசாய்த்தது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் அறிந்தோம். உழவர்களின் பாதுகாவலரான புனித இசிதோர் சொந்த நிலம் உடையவர் அல்லர். மாட்ரிட் நகருக்கு அருகில் இன்னொருவர் நிலத்தை உழுத கூலியாள். 1622-இல் புனித இஞ்ஞாசியார், புனித சவேரியார், புனித அவிலா தெரேசா ஆகியோருடன் ஒரே நாளில் அந்தக் கூலியாளும் பீடத்திற்கு உயர்த்தப்பட்டார்.

எங்களில் ஒருத்தி கேட்ட கேள்வி

இதைப் படித்தபோதுதான், முட்டுக்காட்டிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அதிகம் பேசாதிருந்த எங்கள் தோழி ஒருத்தி வாய் திறந்தாள். "அந்த வீட்டிலே நெல்லு வச்ச இடம் இருக்குது. நெல்லு குத்தினவங்க எங்கே படுத்தாங்கன்னு யாரும் சொல்லலியே?" என்றாள்.

அவளுடைய ஆயாவின் குடும்பம் தலைமுறையாகப் படியாளாக இருந்த குடும்பம். படியாள் என்றால், ஆண்டு முழுவதும் ஒரே நிலக்காரரிடம் உழைத்துப் படியால் அளந்த தானியத்தைக் கூலியாகப் பெறுபவர். தஞ்சையில் பண்ணையாள் என்பார்கள். சொந்த மனை கிடையாது. நிலக்காரர் போ என்றால் குடிசையையும் விட்டுப் போக வேண்டும். தஞ்சைப் பண்ணையாட்களைக் காக்க 1952-இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட மக்கள் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது 1976-இல். நாம் குடிலில் பாலன் இயேசுவைக் கிடத்தும் அந்த இரவில் வெண்மணியில் நடந்ததை எங்கள் பாடநூலில் ஒரு வரியாகக் கடந்திருந்தோம். தோழி கேட்ட பிறகு எங்களால் அவ்வாறு கடக்க இயலவில்லை.

எங்கள் வகுப்பில் இதைப் பற்றி வாதம் எழுந்தது உண்மை. ஒரு சாரார், அழகான ஒன்றைப் பார்க்கப் போன இடத்தில் எதற்குப் பழைய கசப்பு என்றனர். வேறு சிலர், களஞ்சியத்தைக் காட்டிவிட்டுக் குடிசையைக் காட்டாவிட்டால் அது பாதிப் பாடம் என்றனர். வாதம் முற்றியபோது அருட்சகோதரி தீர்ப்புச் சொல்லவில்லை. "உங்கள் வீடுகளில் உள்ளதைக் கொண்டுவாருங்கள், எல்லோர் வீட்டிலிருந்தும்" என்று மட்டும் கூறினார். இவ்வாறு, பெற்றோர் தினத்தன்று ஒரே ஒரு நாள் எங்கள் வகுப்பறையை அருங்காட்சியகம் ஆக்குவது என்று முடிவாயிற்று.

நம் ஊரைக் கணக்கெடுத்தவர்கள்

இதற்கிடையே ஒரு வியப்பான செய்தி கிடைத்தது. நம் ஆரணியையும் சுற்றுப்புறச் சிற்றூர்களையும் அயல்நாட்டு அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள்! 1973-இலேயே இங்கிலாந்திலிருந்து வந்த பார்பரா ஹாரிஸ் என்னும் ஆய்வாளர் ஆரணியின் நெல் வணிகத்தையும் கடைகண்ணிகளையும் ஆராயத் தொடங்கினார். பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற அளவில் திரும்பத் திரும்ப வந்தும், பிறரைக் கொண்டும் அந்த ஆய்வு தொடர்ந்தது. நாற்பதாண்டு மாற்றங்களைக் கூறும் நூல் 2016-இல் வெளிவந்தது. நம் தெருவில் எத்தனை ஆலை, எத்தனை தறி என்பதைக் கடல் கடந்து வந்தவர்கள் எழுதி வைத்திருக்க, நாங்கள் எங்கள் ஆயாவின் தோட்டத்துக் கிணறு எத்தனை கசம் ஆழம் என்றுகூடக் கேட்டதில்லை.

வெட்கத்தோடு கேட்கத் தொடங்கினோம். அதிகம் கிடைத்தது கவலையைப் பற்றித்தான். (மனக்கவலை அன்று, தெற்கத்தியர் கமலை என்பதை நம் பக்கத்தில் கவலை என்பர்.) கிணற்று மேட்டிலிருந்து சரிவாக இறங்கும் பாதை. இரண்டு மாடுகள் அச்சரிவில் இறங்க, வடக்கயிறு உருளைமேல் ஓடி, நீர் நிறைந்த சாலை மேலே இழுக்கும். சாலின் அடியில் தோலால் ஆன வால். அதை இன்னொரு சிறு கயிறு பிடித்திருக்கும். சால் மேலே வந்ததும் வால் நீண்டு, நீர் வாய்க்காலில் கொட்டும். இறங்கும்போது ஓட்டுபவர் கயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்து தம் எடையையும் மாடுகளுக்குத் துணையாகக் கொடுப்பார். பிறகு மாடுகள் பின்னோக்கியே மேடேற வேண்டும். காலை முதல் உச்சிவரை இதே நடை. மின்சார மோட்டார் வந்தபோது எங்கள் தாத்தாமார் அதற்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டியதாகச் சொல்கிறார்கள். அதில் வியப்பு என்ன? ஆனால் கவலை இறைத்த காலத்தில் கைக்கெட்டிய நீர் இன்று ஆழ்துளைக் குழாயின் அடியில் போய்விட்டது என்பதையும் அதே தாத்தாமார்தான் சொன்னார்கள்.

நெல் வகைகளும் அவ்வாறே. 1966 முதல் ஐ.ஆர். 8 போன்ற குட்டை நெற்கள் வந்து பஞ்சத்தைப் போக்கின. அதை மறுப்பது நன்றி கொன்ற செயல். அதே சமயம் கிச்சிலிச் சம்பா, வாடன் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா முதலியவை வயலைவிட்டு மறைந்தன. நம்மாழ்வாரின் வழிநின்ற நெல் ஜெயராமன் அவர்கள் ஊர் ஊராகச் சென்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாட்டு நெல் வகைகளைத் தேடி எடுத்தார். அவற்றைக் கண்ணாடிச் சீசாவில் போட்டு வைக்காமல், ஒரு படி விதை வாங்குபவர் மறு ஆண்டு இரண்டு படியாகத் திருப்பித் தர வேண்டும் என்று நெல் திருவிழா நடத்திப் பரப்பினார். 2018-இல் அவர் மறைந்தார். விதை மட்டும் விளைந்தால்தான் காப்பாற்றப்படும் பொருள் என்பதால், அவருடைய அருங்காட்சியகம் வயல்வெளியிலேயே இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒரு நாள் அருங்காட்சியகம்

பெற்றோர் தினத்திற்கு முந்தைய வாரம் பொருள்கள் வரத் தொடங்கின. கலப்பை முழுதாக ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து மேழியும், இன்னொரு வீட்டிலிருந்து கொழுவும், மூன்றாவது வீட்டில் துணி உலர்த்தும் கழியாகத் தொங்கிய நுகத்தடியும் வந்தன. மூன்றையும் சேர்த்துக் கட்டி வைத்தோம். வந்து பார்த்த ஒரு தாத்தா, "இது மூணு ஊரு ஏரு; எந்த மாடும் இதுக்கு அடங்காது" என்று கூறிவிட்டார். அதையும் அப்படியே சீட்டில் எழுதி ஒட்டினோம். பித்தளைக் கட்டு போட்ட மரக்கால் ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்த தோழி கண்ணீரோடு வந்தாள். பத்து நாளைக்கு முன்புதான் வீட்டார் அதைப் பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். பிளாஸ்டிக் குடம் ஒன்று கிடைத்ததாம்.

முறம் ஏழு, திருகை இரண்டு, உரி ஒன்று, குந்தாணி ஒன்று, பரம்புப் பலகை ஒன்று, இற்றுப்போன தறிப்பண்ணை நான்கு. பண்ணை என்ற சொல்லின் இரு பொருளுக்கும் மரியாதை செய்ய எண்ணி, நெசவுப் பண்ணைகளையும் அதே மேசையில் வைத்தோம். பெற்றோர் பலருக்கு இந்த விளையாட்டு பிடித்திருந்தது.

படியாள் வீட்டுத் தோழி ஒரு கதிர் அரிவாளைக் கொண்டுவந்தாள். பல் தேய்ந்து, கைப்பிடி வழவழவென்று கறுத்திருந்தது. அவளுடைய ஆயா வாழ்நாளெல்லாம் பிறர் வயலில் அறுத்த அரிவாள். சீட்டில் என்ன எழுதுவது என்று கேட்டோம். அவள் யோசித்து எழுதியது இது: "எங்கள் வீட்டில் மரக்கால் இருந்ததில்லை. எங்களுக்கு அளந்த மரக்கால் வேறு வீட்டில் இருந்தது." அந்தச் சீட்டின் முன் நின்றவர்களே அன்று அதிகம். நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அதை இருமுறை படித்துவிட்டு, வாங்கும்போது ஒரு மரக்காலும் கொடுக்கும்போது வேறு மரக்காலும் வைத்திருந்த வீடுகள் இருந்தது உண்மைதான் என்று எங்கள் ஆசிரியையிடம் தாழ்ந்த குரலில் கூறினார். முட்டுக்காட்டிலும் அயோவாவிலும் எங்களுக்குக் கிடைக்காத பாடம் அது. அவர் சொன்னதையும் பெயர் குறிப்பிடாமல் எழுதிச் சேர்க்க அனுமதி கேட்டோம், கொடுத்தார்.

மாலையில் பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் நேரம். சிலவற்றைப் பள்ளியிலேயே ஓர் அலமாரியில் நிலையாக வைக்கலாம் என்று தலைமையாசிரியை அருட்சகோதரி இசைந்திருந்தார். கதிர் அரிவாளையும் மூன்று ஊர் ஏரையும் நான்கு பண்ணைகளையும் தர அவரவர் வீட்டார் ஒப்பினர். செம்பால் ஆன ஓர் அழகிய உழக்கையும் கேட்டோம். எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆயாவின் சீர்வரிசையில் வந்தது அது. அவர் அதை மேசையிலிருந்து எடுத்துத் தம் முந்தானையால் துடைத்துக்கொண்டே, "நல்லா இருக்குதேம்மா நீங்க சொல்றது! ராத்திரிக்கு நான் எதுல அரிசி அளக்கறது?" என்று கேட்டார். பையில் போட்டுக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.